பாட்டியின் முறுக்கும் மாதக் கடைசி ரசீதும்

கேள்வி: பாஸ்டர் ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 29 வயது. கோலாலம்பூர் செந்தூலில் அப்பா, அம்மா, தம்பி, பாட்டியோடு இருக்கிறேன். ஒரு சரக்கு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அம்மா, நான், தம்பி மூன்று பேரும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். அப்பாவும், அப்பாவைப் பெற்ற பாட்டியும் இந்துக்கள். வீட்டில் சாமி மேடை உண்டு. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மூன்று வருஷமாக டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.

போன வருஷம் ஒரு முழு இரவு ஜெபத்தில், 'ஆண்டவரே, என் வாழ்க்கை முழுவதும் உமக்குத்தான், முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன்' என்று பொருத்தனை பண்ணினேன். அதிலிருந்து எங்கள் ஜெபக்குழுவின் தலைவர், வேலையை விட்டுவிடு, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் இருப்பதை எடுத்துக் காணிக்கையாகக் கொடு, கல்யாணம் வேண்டாம், விக்கிரகம் இருக்கிற வீட்டில் இருக்காதே, 21 நாள் உபவாசம் இரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்தத் தீபாவளிக்குப் பாட்டி சுட்ட முறுக்கை நான் தொடவில்லை. பாட்டி அழுதுவிட்டார். அப்பா இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

வேலையை விட எனக்கும் பாதி சம்மதம்தான். மாதக் கடைசியில், இல்லாத செலவுக்கெல்லாம் மேனேஜர் ரசீது போடச் சொல்வார், நானும் போட்டுக் கொடுப்பேன். எல்லா ஆபீசிலும் நடப்பதுதான், இருந்தாலும் பிடிக்கவில்லை. பொருத்தனையை நிறைவேற்றாததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிறது என்று குழுவில் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: அன்பு சகோதரி, ஸ்தோத்திரம்.

கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பயம் உள்ளே இருக்கும்வரை மற்ற எதையும் உங்களால் நிதானமாக யோசிக்க முடியாது.

உண்மை இல்லை. நீங்களே எழுதியிருக்கும் கணக்கைப் பாருங்கள். அம்மா டயாலிசிஸ் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது, நீங்கள் பொருத்தனை பண்ணியதோ போன வருஷம். பண்ணாத பொருத்தனைக்கு முன்கூட்டியே தண்டனை கொடுக்கிறவரா தேவன்? நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். பதினைந்து வருஷச் சர்க்கரை என்றால் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமே இல்லை என்று இயேசு சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு நோயாளியின் மகளிடம் போய் உன்னால்தான் என்று சொல்வது கொடுமை. அதை ஜெபக்குழுவில் சொன்னாலும் கொடுமைதான். இனி யாராவது அப்படிச் சொன்னால் பதில் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, பொருத்தனை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதத்தில் ஆண்டவர்மேல் இருக்கும் ஆசை உண்மையானது, அது எனக்குச் சந்தோஷம் தருகிறது. ஆனால் வேதம் பொருத்தனையை எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். லேவியராகமம் 27ஆம் அதிகாரம் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். ஒருவர் தன்னையே கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணிவிட்டால் அதற்கு ஈடாக இவ்வளவு சேக்கல் (அன்றைய வெள்ளி எடை) என்று அங்கே மதிப்புப் போட்டிருக்கிறது. இருபது வயதுக்கு மேல் அறுபதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு 30 சேக்கல். அதற்கும் வழியில்லாத ஏழையாக இருந்தால், அவருடைய சக்திக்கு ஏற்றபடி ஆசாரியன் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று எட்டாம் வசனம் சொல்கிறது. உணர்ச்சி பொங்கும் நேரத்தில் மனிதர்கள் தங்கள் சக்திக்கு மீறிச் சொல்லிவிடுவார்கள் என்பது நியாயப்பிரமாணத்துக்கே தெரிந்திருக்கிறது. சொன்னவரை நெரிக்காமல், எதை உண்மையாகக் கொடுக்க முடியும் என்று உட்கார்ந்து பார்க்க அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நீங்கள் எதைக் கொடுக்க முடியும்? தேவனுக்குக் கொடுப்பது முதலில் உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதுதான். தாவீது ராஜா பலிபீடம் கட்டப் போனபோது, அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றான். தாவீது சம்மதிக்கவில்லை. எனக்குச் செலவில்லாததை என் தேவனுக்குப் பலியிட மாட்டேன் என்று சொல்லி, 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கின பிறகுதான் பலியிட்டார். இன்னொருவர் பொருளில் பக்தி செய்வதை அவர் மனம் ஏற்கவில்லை.

இயேசு இதை இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார், மாற்கு ஏழாம் அதிகாரத்தில். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை, 'இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லிக் கைகழுவிவிடும் பழக்கம் அன்று இருந்தது. உங்கள் பாரம்பரியத்தினால் தேவ வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று அதைச் செய்தவர்களை அவர் கண்டித்தார். நீங்கள் நாளை வேலையை விட்டுவிட்டு அறை எடுத்து வெளியே போனால், அம்மாவை வாரத்தில் மூன்று நாள் யார் கொண்டுபோவது? தம்பியின் பீஸ்? அப்பாவின் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு வீடு ஓடுமா? அந்தப் பொருத்தனையின் விலையை உங்கள் அம்மா கொடுத்துக்கொண்டிருப்பார், பெயர் மட்டும் உங்களுடையதாக இருக்கும். தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை உங்கள் குழுவில் யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். மிஷின் சத்தத்துக்கு நடுவே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தையும், வேலை முடிந்து ஜாலான் ஈப்போ நெரிசலில் அவரைக் கூட்டி வரும் நேரத்தையும் ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் பொருத்தனையில் ஒரு பகுதி அங்கேயே நிறைவேறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்களில் மகனோ மகளோ வராதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

சரி, பாட்டிக்கு வருவோம்.

பிரிந்து வாருங்கள், அசுத்தமானதைத் தொடாதிருங்கள் என்ற 2 கொரிந்தியர் ஆறாம் அதிகார வசனத்தைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது மெய்யான வசனம், நாம் கீழ்ப்படிய வேண்டிய வசனம். அதே பவுல் அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தை அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இந்த உலகத்து மனிதர்களோடு பழகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்று ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பத்தாம் அதிகாரத்தில் அப்படியே உங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வந்துவிடுகிறார்: விசுவாசியாத ஒருவர் உங்களை விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போங்கள், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டாம். கொரிந்துவில் கடைத்தெரு இறைச்சி பல நேரம் கோயிலோடு தொடர்புள்ளதாக இருந்த காலத்தில் சொன்ன வார்த்தை இது. நம் நிலைமை அதைவிடச் சுலபம். டின்னில் எடுத்து வைத்த முறுக்கு வேறு, சாமிக்குப் படைத்துவிட்டுக் கொடுக்கும் தட்டு வேறு. முறுக்கைச் சாப்பிடுங்கள். படையலை மரியாதையாக வேண்டாமென்று சொல்லுங்கள். சாமி மேடைக்கு முன்னால் கைகூப்ப மாட்டீர்கள், தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டீர்கள், திருநீறு பூசிக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் எல்லை அங்கே இருக்கிறது, அதிலிருந்து நகர வேண்டாம். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கிளம்பும் பாட்டியின் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவதற்கும் அந்த எல்லைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைப் பாட்டியிடம் நீங்களே பேச வேண்டும். அம்மாவை நடுவில் அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'பாட்டி, முறுக்குச் சாப்பிடாதது என் தப்பு, உங்கள் மனசு நோகும் என்று நான் யோசிக்கவில்லை. சாமிக்குப் படைத்ததை மட்டும் நான் சாப்பிட மாட்டேன், அது என் விசுவாசம். மற்றபடி உங்கள் கையால் எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்' என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எல்லை புரியும். நம் ஊரில் இரண்டு மதம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. வெறுப்போடு வரும் விலகலைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. அப்பாவின் மௌனமும் அங்கேதான் தொடங்கியிருக்கும். அவருடைய அம்மா அழுததை அவர் பார்த்திருக்கிறார்.

இனி நீங்கள் இரண்டு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துபோன விஷயம். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். இல்லாத செலவுக்கு ரசீது.

முறுக்கை விலக்கிவிட்டீர்கள், ரசீதைப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். உங்களைக் குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு வேதனை. வாரா வாரம் கூடி ஜெபிக்கும் ஒரு குழு, உங்கள் சாப்பாட்டையும் சேமிப்பையும் கல்யாணத்தையும் பற்றிப் பேசியிருக்கிறது. நீங்கள் ஒரு நாளில் எட்டு மணி நேரம் உட்காரும் மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யோவான் ஸ்நானனை நினைத்துப் பாருங்கள். அவரைவிடப் பிரித்தெடுக்கப்பட்டவர் யார்? பிறக்கும் முன்பே திராட்சரசமும் மதுவும் குடியான் என்று தூதன் சொன்ன பிள்ளை. வனாந்தரம், ஒட்டகமயிர் உடை, வெட்டுக்கிளி, காட்டுத்தேன். அவரிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர் ஞானஸ்நானத்துக்கு வந்து, போதகரே நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வா என்று அவர் சொல்லவே இல்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகர் கேட்டார்கள். ஒருவரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்றிரு என்றார். லூக்கா மூன்றாம் அதிகாரம். அன்றைய ரோம ஆட்சியில் ஆயத்துறை எவ்வளவு அழுகிக் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்று அவர்களும் சொல்லியிருக்கலாம். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கையைச் சுத்தமாக வைத்துக்கொள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வேலையை விட்டு ஓடுவதைவிடக் கஷ்டமான கீழ்ப்படிதல் அது.

நம் தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் அப்படி ஒருவர் இருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826இல் பிறந்தவர், தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் வேலை முன்சீப், அதாவது நீதிபதி. லஞ்சம் மலிந்த ஒரு துறையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார், லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டும் எழுதினார், 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் கைப்பணத்தைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அவர் துறவி இல்லை, முழுநேர ஊழியரும் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கை யாருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் சட்டமும் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். முதலாளியை ஏமாற்றும் நோக்கத்தில் பொய் விவரம் உள்ள ரசீதையோ கணக்கையோ பயன்படுத்துவது, 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் குற்றம். 20 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். அபராதம் குறைந்தது பொய்த் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. 'மேனேஜர் சொன்னார், போட்டேன்' என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இதுவரை போட்டதைப் பற்றி யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவரிடம் கேட்ட பிறகே ஆபீசில் வாயைத் திறங்கள். வசதி இல்லையென்றால் கோலாலம்பூரில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, வருமான வரம்புக்குள் வந்தால் உதவுவார்கள். பழைய காகிதம் எதையும் கிழிக்கவோ அழிக்கவோ கூடாது.

அப்புறம் மேனேஜரிடம். அவரைப் பாவி என்று சொல்ல வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். 'இந்த மாதத்திலிருந்து பில் இல்லாத கிளைமை நான் போட முடியாது. பில் கொடுத்தால் அன்றைக்கே போட்டுவிடுகிறேன்.' அவ்வளவு போதும். பேசியதை அன்றே ஒரு சின்ன மின்னஞ்சலாக அவருக்கு எழுதி வையுங்கள். அவர் முகம் மாறலாம், போனஸ் போகலாம், உங்களை வேறு பிரிவுக்குத் தள்ளலாம். வலிக்கும். ஆனால் தாவீது கேட்ட செலவு இதுதான், இது உங்கள் பையிலிருந்து போகிறது. நிலைமை மோசமானால் வேறு வேலை தேடிக்கொண்டு கிளம்புங்கள். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் நீட்டாதீர்கள். தானாக விலகியவருக்குச் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையிழப்புக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது.

ஈபிஎஃப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கணக்கு 2024 மே மாதம் வந்ததிலிருந்து, மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடிகிறது என்பதற்காகக் கொடுத்துவிட வேண்டியதில்லை. டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் நடுராத்திரி அவசரத்துக்கு அந்தப் பணம்தான் கைகொடுக்கும். காணிக்கையை மாதச் சம்பளத்திலிருந்து, நீங்கள் அங்கத்தினராக இருக்கும் சபைக்கு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். அந்தக் குழுத் தலைவரிடம் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். சங்கமாகப் பதிவுபெற்ற எந்தச் சபையும் வருஷா வருஷம் சங்கப் பதிவகத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும், உறுப்பினருக்கும் காட்டும். கேட்டதற்கே கோபம் வந்தால், அந்தக் கோபமே உங்களுக்குப் பதில்.

கல்யாணம் வேண்டாம் என்பது உங்கள் உள்ளத்தில் பிறந்த வாஞ்சையாக இருந்தால் மதிக்கிறேன். தலைவர் சொன்னதாக இருந்தால் விட்டுவிடுங்கள். தனித்திருப்பதைப் புகழ்ந்த பவுலே, இதைப் பற்றிக் கர்த்தரிடமிருந்து எனக்குக் கட்டளை இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன், உங்களைக் கண்ணியில் அகப்படுத்த இதைச் சொல்லவில்லை என்று எழுதினார். அப்போஸ்தலனுக்கு இல்லாத அதிகாரம் ஜெபக்குழுத் தலைவருக்கு எங்கிருந்து வந்தது?

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு இருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அழைப்பைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. முதலில் உங்கள் சபைப் போதகரிடமும் மூப்பர்களிடமும் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி, வியாதியஸ்தர் சந்திப்பு என்று ஏதாவது ஒன்றை இரண்டு வருஷம் விடாமல் செய்யுங்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைகள் சேர்ந்து 1979இல் தொடங்கிய இறையியல் கல்லூரி சிரம்பானில் இருக்கிறது, அங்கே படிப்பதைப் பற்றி விசாரித்து வையுங்கள். அம்மாவின் பொறுப்பை யாரோடு எப்படிப் பகிர்வது என்பது அப்பாவும் தம்பியும் சேர்ந்து பேசி முடிவாகும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அழைத்தவர் அதுவரை காத்திருப்பார்.

உபவாசம் ஒன்று பாக்கி. 21 நாள் என்பதைத் தானியேல் பத்தாம் அதிகாரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். அங்கே தானியேல் பட்டினி கிடக்கவில்லை. ருசியான சாப்பாடு, இறைச்சி, திராட்சரசம் இவற்றை மூன்று வாரம் விலக்கி வைத்தார். நீங்களும் அப்படிச் செய்யலாம். மூன்று வாரத்துக்கு வெளிச் சாப்பாடு, மாமிசம், இனிப்பு இல்லாமல், அதில் மிச்சமாகும் பணத்தை டயாலிசிஸ் செண்டரில் கிரேப் வாடகைக் கார் எடுக்க வசதியில்லாமல் தவிக்கும் யாருக்காவது கொடுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். உங்களுக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். அம்மாவை வைத்துக் கார் ஓட்டும் நாட்களில் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள்.